மேபெரியின் காதற் பொய்கள்: அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையிற் குடும்பமும் அதிகாரமும்

1

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆய்வு நம்மிடையே ஓரளவு வளர்ந்துள்ளதாயினும், அச்சாதனங்கள் பரப்பும் நகைச்சுவை பற்றிய ஆய்வு அந்த அளவுக்கு வளரவில்லை. செய்தியும் விளம்பரமும் ஒரு வர்க்கத்தின் கருத்துநிலையைத் தாங்கி வருவன என்பதை ஒப்புக்கொள்வோர்கூட, சிரிப்பினை அதற்கு அப்பாற்பட்டதாகவே கொள்கின்றனர். முற்போக்குத் திறனாய்வாளர் சிலரிடம் இத்தவறு வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. முதலாளித்துவத் தொலைக்காட்சியின் நகைச்சுவை யாவும் மக்களை மயக்கும் மருந்தென ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டு அவர்கள் அப்பாற் சென்றுவிடுகின்றனர். முன்னவர் சிரிப்பினை ஆராய மறுக்கின்றனர்; பின்னவர் ஆராயாமலே தண்டிக்கின்றனர். இவ்விரு போக்குகளினின்றும் விலகி, குறிப்பிட்ட ஒரு தொடரில் இடம்பெறும் குறிப்பிட்ட ஒரு நகைச்சுவை உத்தியை, அதாவது காதலின் பேராற் செய்யப்படும் ஏமாற்றினை, அதன் சமூகப் பகைப்புலத்தில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட தொடர் ‘த அன்டி கிறிஃபித் ஷோ’. 1960 ஒக்டோபர் 3ஆம் திகதி முதல் 1968 ஏப்ரல் 1ஆம் திகதி வரை, சி.பி.எஸ். வலையமைப்பில் எட்டுப் பருவங்களாக 249 அங்கங்கள் ஒளிபரப்பாயின. முதல் ஐந்து பருவங்கள் கறுப்பு வெள்ளையிலும் இறுதி மூன்றும் வண்ணத்திலும் அமைந்தன. அதன் களம் மேபெரி எனும் கற்பனைச் சிற்றூர். வட கரோலைனா மாநிலத்தின் மவுண்ட் ஏரி என்னும் ஊரிற் பிறந்தவரான நடிகர் அன்டி கிறிஃபித், இத்தொடரில் அன்டி டெய்லர் என்னும் ஷெரிப்பாகத் தோன்றினார். அவர் மனைவியை இழந்தவர். ஓபி என்னும் சிறுவனின் தந்தை. ஷெரிப் மட்டுமன்றிச் சமாதான நீதவானும் அவரே. குற்றவாளியைப் பிடிப்பவரும், அவனை விசாரிப்பவரும், காதலரை மணம் முடித்துவைப்பவரும் ஒருவரே என்னும் இவ்வமைப்பினை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். நமது வாதத்துக்கு அது இன்றியமையாதது.

2

மேபெரியிற் காதலின் பேராற் பொய் சொல்லாதார் அரியர். உதவி ஷெரிப் பார்னி ஃபைஃப், தெல்மா லூ என்னும் பெண்ணை விரும்பிக்கொண்டே, சிற்றுண்டிச்சாலையிற் பணிபுரியும் வனீற்றாவோடு தொலைபேசியிற் கொஞ்சிப் பேசுவான். அந்த வனீற்றாவை நாம் திரையில் ஒருபோதும் காண்பதில்லை. 1964இல் வெளியான ஓர் அங்கத்தில், தெல்மா லூ தன் சட்டைப்பைக்குள் அடக்கம் என்ற பாங்கில் அவன் பெருமையடிக்கின்றான். எரிபொருள் நிலையத்தில் வேலைசெய்யும் கோமர் அதனை அவளிடம் வெள்ளை மனத்தோடு சொல்லிவிடுகின்றான். அவளோ, பார்னிக்குப் பாடம் புகட்டுவதற்காகக் கோமரை விரும்புவதுபோல் நடிக்கின்றாள். அவள் அளித்த ஒரு கன்னமுத்தத்தை மெய்யெனக் கொண்ட கோமர், இனித் தான் அவளை மணந்தேயாக வேண்டும் என்று கலங்குகின்றான்.

இங்கு நகைச்சுவை எங்கே பிறக்கின்றது? நகையென்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். பார்னியைப் பார்த்து நாம் சிரிப்பது எள்ளல். கோமரைப் பார்த்துச் சிரிப்பது அவனது பேதைமை காரணமாக. ஆயின் இப்பகுப்பு வெறுமனே குணவேறுபாடு பற்றியதன்று. அரசாங்கச் சீருடையும் ஒரு சிறு பதவியும் பெற்று, அதற்கு மேற்பட்ட மதிப்பினை அவாவி நிற்கும் கீழ்நடுத்தர வர்க்கத்தவன் பார்னி. கோமர் உடலுழைப்பாளி. தன்னை உயர்த்திக் காட்ட முயல்பவன் எள்ளலுக்கு ஆளாகின்றான். தன் இடத்திலேயே நிற்பவன் அன்போடு கூடிய சிரிப்புக்கு ஆளாகின்றான். யாவரும் சமமென்று சொல்லிக்கொள்ளும் சிற்றூரில், ஒவ்வொருவருக்கும் உரிய சிரிப்பும் அவரவர் படிநிலைக்கு ஏற்ப அளந்தே வழங்கப்படுகின்றது.

இவையெல்லாம் மேலோட்டமான விளையாட்டுகளே எனலாம். காதற் பொய்யின் ஆழமான பணியினை அறிவதற்கு நாம் சமையலறைக்குள் நுழைதல் வேண்டும்.

3

தொடரின் முதலாவது அங்கம் ஒரு திருமணத்துடன் தொடங்குகின்றது என்பது கவனத்துக்குரியது. டெய்லர் வீட்டின் பணிப்பெண்ணான றோஸ் மணம் முடித்துப் போகின்றாள். அன்டியே அதனை நடத்திவைக்கின்றார். சிறுவன் ஓபி அத்திருமணத்தை ஆட்சேபிக்கின்றான். அவன் நிலையில் அது நியாயமே; அவனை வளர்த்தவள் வீட்டைவிட்டு நீங்குகின்றாள். அவளது இடத்துக்கு வருபவர் அன்டியை வளர்த்தெடுத்த பியற்றிஸ் மாமி. அங்கத்தின் தலைப்போ ‘புதிய வீட்டுப் பணிப்பெண்’ என்பதே. பணிப்பெண் செய்த வேலை இவ்வாறு உறவுமுறைக்குள் உள்வாங்கப்படுகின்றது. சிறுவன் மாமியை ஏற்க மறுக்க, அவர் வெளியேற ஆயத்தமாகின்றார். அப்போது ஓபி அவரைத் தடுக்கின்றான். பந்தெறியவோ மீன்பிடிக்கவோ தெரியாத இவர் தனித்துப் போனால் என்ன ஆவார் என்பதே அவனது கவலை. பார்ப்போர் கண்கலங்கும் இக்காட்சியின் தருக்கம் விசித்திரமானது. அவ்வீடு மாமியின் உழைப்பின்றி இயங்காது. ஆனால் அவருக்கே வீட்டின் இரக்கம் தேவைப்படுகின்றது என்பதாகக் கதை முடிகின்றது. உழைப்பு கொடையாகவும், உழைப்பவர் கொடை பெறுபவராகவும் தலைகீழாகத் தோற்றமளிக்கின்றனர்.

1962இல் ஒளிபரப்பான ‘பியற்றிஸ் மாமிக்குத் திருமண மணியோசை’ என்னும் அங்கத்தை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். மாமி வீட்டில் இருக்கும்வரை அன்டி மறுமணத்தை நாடமாட்டார் என்று தோழி கிளாரா மாமியின் மனத்திற் பதிக்கின்றாள். சமைக்கவும் துவைக்கவும் ஒருவர் இருக்கையில் மனைவி எதற்கு என்பது அவ்வாதத்தின் உட்பொருள். மருமகனின் வாழ்வுக்குத் தடையாக இருக்க விரும்பாத மாமி, உலர்சலவை நிலையம் நடத்தும் ஃப்ரெட் கொஸ் என்பவரைக் காதலிப்பதாக நடிக்கின்றார். அன்டிக்கு அந்த மனிதரைப் பிடிப்பதில்லை. எனினும் மாமியின் மகிழ்ச்சிக்காகத் தானும் மகிழ்வதுபோல் நடிக்கின்றார். ஒருவருக்காக ஒருவர் என்று இருவரும் பொய்யராகின்றனர். ஈற்றில் உண்மை வெளிப்படுகின்றது, மாமி வீட்டிலேயே தங்குகின்றார், யாவும் சுபம்.

வழக்கமான விமர்சகர் இதனைத் தியாகத்தின் நகைச்சுவை என்பர். அது முற்றிலும் தவறன்று. ஆயினும் மாமியின் பொய், அவர் நேரடியாகச் சொல்ல முடியாததொரு உண்மையைச் சொல்லிவிடுகின்றது என்பதே நமது கருத்து. அவ்வீட்டில் அவரது இருப்பு நிபந்தனைக்குட்பட்டது. மனைவி ஒருத்தி வந்தால் அவர் செய்யும் வேலை அவளுக்கு உரியதாகிவிடும். அவ்வேலையைத் தவிர அங்கு இருப்பதற்கு அவருக்கு வேறு உரித்து இல்லை. முதிய வயதில் வெளியேறுவதற்கு அவர் காணும் ஒரே மரியாதையான வாசல் இன்னொரு ஆணின் வீடு. இவ்வுண்மையை அவர் வாய்விட்டுக் கூறியிருந்தால் அது முறைப்பாடு ஆகியிருக்கும். காதல் என்று சொன்னபடியால் அது நகைச்சுவையாயிற்று. முதலாளித்துவத் திருமணத்தின் அடியிற் பொருளாதார நலன்களே தொழிற்படுகின்றன என எங்கெல்ஸ் 1884இல் வெளியான ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலில் விளக்கினார். அவ்வுண்மையின் எளிய வீட்டு வடிவம் ஒன்று இங்கே சிரிப்பொலியின் நடுவே வெளிப்பட்டு மறைகின்றது.

மறைகின்றது என்றோம். பொய் அம்பலமாகும்போது, அப்பொய்யைப் பிறப்பித்த நிலைமை அம்பலமாவதில்லை. ‘நான் விரும்பினால் மணப்பேன், நீங்கள் எனக்குத் தடையில்லை’ என்பதாக அன்டியின் அன்பு உறுதிப்படுகின்றது. மாமியின் உரித்து உறுதிப்படுவதில்லை. அன்பு உரித்தினது இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

தொடரின் ஆக்கியோர் இவற்றை அறியாதோர் என்று கொள்வதற்கும் இடமில்லை. 1960 டிசம்பரில் வெளியான அங்கமொன்றில், மருந்துக்கடை நடத்தும் எலி வோக்கர் நகரசபைத் தேர்தலிற் போட்டியிடுகின்றாள். ஆண்கள் தத்தம் மனைவியரின் கடைக் கடன்கணக்குகளை நிறுத்துகின்றனர். பெண்கள் பதிலுக்குச் சமைப்பதையும் துவைப்பதையும் நிறுத்துகின்றனர். வீட்டுவேலை உழைப்பே என்பதும், அதனை நிறுத்தினால் அது வேலைநிறுத்தமாகும் என்பதும் அங்கு ஐயத்துக்கிடமின்றிக் காட்டப்படுகின்றன. அன்று பகிரங்கமாகப் பேசப்பட்ட முரண்பாடு, பின்னர் ஒரு மூதாட்டியின் காதல் நடிப்புக்குள் ஒளிந்துகொள்கின்றது.

4

மேபெரிக்கு வெளியே மலைநாடு உண்டு. அங்கிருந்து வரும் ஏனெஸ்ற் ரி. பாஸ் கல்லெறிந்து கண்ணாடிகளை உடைப்பவன். பெண் தேடி அலைபவன். 1964இல் வெளியான அங்கமொன்றில், பெர்னாட் ஷோவின் ‘பிக்மாலியன்’ கதையின் சாயலில், அன்டியும் பார்னியும் அவனுக்கு உடையும் நடையும் பேச்சும் பயிற்றுகின்றனர். உறவினன் என்ற போர்வையில் திருமதி வைலி என்னும் சீமாட்டியின் விருந்துக்கு அவனை இட்டுச்செல்கின்றனர். ஏமாற்று சிறிதுநேரம் பலிக்கின்றது. அவன் றமோனா என்னும் பெண்ணோடு ஆடுகையில் இன்னொருவன் இடைபுகுகின்றான். ஏனெஸ்ற் ரி. அவனது தலையிற் பூச்சாடியை உடைக்க, வேடம் கலைகின்றது. அப்பெண்ணோ அவனை வெறுத்தொதுக்காது அவனோடே செல்கின்றாள்.

இவ்வங்கத்திற் சிறிதாயினும் ஒரு சனநாயகக் கூறு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பண்பாடு என்பது பயிற்றப்படும் சில சொற்களும் அசைவுகளுமே எனின், சீமாட்டியின் உயர்வும் வெறும் பயிற்சியே என்றாகிறது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான இன்னோர் அங்கத்தில் நிலைமை வேறாகின்றது. கல்வியறிவற்றவனுக்குப் பெண் கொடுக்க றமோனாவின் பெற்றோர் உடன்படவில்லை. எனவே அவன் பள்ளிக்கூடத்துக்குச் சென்று, ஈற்றில் ஒரு சான்றிதழையும் பெறுகின்றான். வேடம் கலைந்தும் நிலைத்த காதல், சான்றிதழின்றி நிலைக்க முடியவில்லை. காதலரிடையே பொய் தேவையற்றுப் போயிற்று; வர்க்கங்களிடையே அது தேவையாகவே நீடித்தது.

1963இல் வெளியான ‘மலைத் திருமணம்’ என்னும் அங்கமும் இத்தொடர்பில் நோக்கற்பாலது. டார்லிங் குடும்பத்துப் பெண்ணான சார்லினுக்கும் டட் என்பவனுக்கும் அன்டி சமாதான நீதவான் என்ற முறையில் மணம் முடித்துவைத்திருந்தார். போதகர் நடத்தாத திருமணம் திருமணமேயன்று எனக் கூறி, ஏனெஸ்ற் ரி. சார்லினைத் தனக்கெனக் கோருகின்றான். போதகர் முன்னிலையில் மீண்டும் மணவினை ஏற்பாடாகின்றது. பார்னி மணப்பெண் உடைதரித்து முக்காட்டோடு நிற்க, அவனையே பெண்ணென நம்பித் தூக்கிச் செல்கின்றான் ஏனெஸ்ற் ரி.

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு விதிக்கப்பட்டதெனத் தொல்காப்பியம் கூறுவதை நாம் அறிவோம். அக்கூற்று எழுந்த சமுதாயம் வேறு, மேபெரி வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்று நோக்குக்கு முரணாகும். ஆனால் காதலிற் பொய்யும் மணத்தின் சட்டவலுவும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்னும் பொது உண்மைக்கு இரண்டும் சான்றாகின்றன. மலைமக்களின் வழக்கமும் அரசின் பதிவேடும் மோதுகையில், மேபெரி அம்மோதலை வாதத்தினாலே தீர்ப்பதில்லை. முக்காடிட்ட பொய்யினால் தீர்க்கின்றது. அப்பொய்யின் துணையோடு வெல்வது, ஷெரிப் முன்னர் நடத்திவைத்த மணமே.

5

இனி நமது மையக் கருத்துக்கு வரலாம். மேலே கண்ட பொய்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பார்னி, தெல்மா லூ, மாமி, ஏனெஸ்ற் ரி. ஆகியோரின் பொய்கள் தவறாது அம்பலமாகின்றன. பொய்யர் வெட்கப்படுகின்றனர் அல்லது திருந்துகின்றனர். அன்டியின் பொய்களோ பெரும்பாலும் அவ்வாறு ஆவதில்லை. 1960இல் வெளியான ஓர் அங்கத்தில், நம்பிக்கையிழந்த பார்னியை மீட்டு றோஸ்மேரி என்னும் பெண்ணுடன் சேர்ப்பதற்காக, மருந்துக்கடையிற் களவு நடந்ததாக எலியைக் கொண்டு அன்டி ஒரு கதை கட்டுவிக்கின்றார். சட்டத்தின் காவலர் இல்லாத குற்றத்தை உண்டாக்குகின்றார். அது நட்பு எனப்படுகின்றது. 1961இல் வெளியான இன்னோர் அங்கத்தில், தந்தையும் மகளும் போல் நடித்து ஊருக்கு வந்த தம்பதியர், திருமண வாக்குறுதி மீறல் வழக்கென அச்சுறுத்திப் பார்னியை வலையில் வீழ்த்துகின்றனர். அன்டி அப்பொழுதே மணத்தை நடத்திவைப்பதாகக் கிளம்ப, அவள் தன் மனைவியே எனத் ‘தந்தை’ ஒப்புக்கொள்ள நேர்கின்றது. வஞ்சகரின் பொய் குற்றம். அதனை வெல்லும் நீதவானின் பொய் மதிநுட்பம்.

இதற்கு விலக்கு உண்டு. 1961இல் வெளியான ‘குறையற்ற பெண்’ என்னும் அங்கத்தில், தெல்மா லூவின் உறவினளான கரன் மூரை அன்டி மனத்துக்குள்ளே அளந்து மதிப்பிடுகின்றார். பறக்கும் மண்தட்டுகளைச் சுடும் போட்டியில் அவள் அவரை வென்று, அவ்வளவுகோலை அவர்மீதே திருப்புகின்றாள். ஆண் பெண்ணை ஆராய்வது இயல்பு என்னும் எண்ணம் இங்கு சிரிப்புக்கிடமாகின்றது. இவ்விலக்கை மறைத்து நமது வாதத்தைச் செம்மைப்படுத்துவது நேர்மையாகாது. ஆயினும் கரன் அவ்வூரில் நிலைப்பதில்லை. மருந்துக்கடைக்காரி எலியும் முதற்பருவத்தோடு மறைகின்றாள். ஷெரிப்பை எதிர்த்து நிற்கவல்ல பெண்கள் வந்துபோவோராகவே அமைகின்றனர். நிலைத்து நிற்பவர் மாமியே.

ஆகவே மேபெரியிற் பொய் சொல்லும் உரிமை அதிகாரத்தின் அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டுள்ளது எனலாம். பிறரிற் தங்கி வாழ்வோர் பொய் சொல்லத் தேவையுடையோர். ஆனால் அதற்கு உரிமையற்றோர். அதிகாரமுடையோர்க்கு அத்தேவை குறைவு, உரிமையோ முழுமையானது. துப்பாக்கி அணியாத நல்ல ஷெரிப் என்று அன்டி கொண்டாடப்பட்டமைக்கு இதுவே அடிப்படை. துப்பாக்கியாற் செய்யவேண்டியதை அவர் நயமாற் செய்கின்றார்.

6

காதற் பொய்யின் எல்லைகளையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். இத்தொடருக்கு முன்னோட்டமான அங்கம், ‘த டனி தோமஸ் ஷோ’ என்னும் வேறொரு தொடரின் பகுதியாக 1960 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், பெப்ரவரி 1ஆம் திகதி, அதே வட கரோலைனாவின் கிறீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கே உரியதாயிருந்த வூல்வேர்த் கடையின் உணவு மேசையிற் கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்து எழ மறுத்தனர். அப்போராட்டம் தென் மாநிலங்கள் எங்கணும் பரவிற்று. மேபெரியின் சிற்றுண்டிச்சாலையிலோ அத்தகைய மேசை கிடையாது. 249 அங்கங்களில் வசனம் பேசும் முக்கிய பாத்திரமாகக் கறுப்பினத்தவர் ஒருவர் தோன்றியது 1967இல் வெளியான ஒரேயோர் அங்கத்திலாகும்.

இது நமது பொருளுக்குப் புறம்பானதன்று. கலப்புத் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டம் அம்மாநிலத்தில் 1967ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை நிலவிற்று. மணப்பெண் எனப் பார்னியையே தூக்கிச் செல்லலாம். மலைவாசியைக் கனவானாகக் காட்டலாம். மனைவியை மகளாகக் காட்டலாம். இவ்வளவு ஆள்மாறாட்டங்களுக்கும் இடமளிக்கும் நகைச்சுவை, நிறவேலியைத் தாண்டும் காதலைப் பிழையாகவேனும் கற்பனை செய்யத் துணியவில்லை. எவரைக் குறித்து மயக்கம் நிகழலாம் என்பதையும் சட்டமே வரையறுத்திருந்தது.

7

தொடரின் வணிக வடிவமும் பொய்யை வேண்டி நின்றது. காதல் மணத்தில் முடிந்தால் அடுத்த வாரத்துக்குக் கதை இல்லை. ஆகவே ஒவ்வொரு வாரமும் ஊடலும் ஐயமும் நடிப்பும் தோன்றி, அரைமணி நேரத்துள் நீங்கி, யாவும் தொடங்கிய இடத்துக்கே மீளுதல் வேண்டும். பார்னி 1965இல் தொடரை விட்டகலும்வரை தெல்மா லூவை மணக்கவில்லை. 1966இல் ஊர் திரும்பியபோது அவள் வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர்கள் மணந்தது 1986இல் வந்த தொலைக்காட்சித் திரைப்படத்திலேதான். இடைவேளைகளில் ஜெனரல் ஃபூட்ஸ் கம்பனியின் உணவுப்பொருள்களுக்கு நடிகர்களே தம் பாத்திரங்களாக நின்று விளம்பரம் செய்தனர். தொலைக்காட்சியின் நிகழ்ச்சியும் விளம்பரமும் பிரிவற்ற ஒரே ஓட்டமாக அமைவதை றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எடுத்துக்காட்டினார். பியற்றிஸ் மாமியின் சமையலறையில் அவ்வோட்டத்தை நாம் கண்ணாற் காணலாம். கதையில் அன்பாகத் தோன்றிய உணவு, விளம்பரத்திற் பண்டமாகத் தோன்றுகின்றது.

தன் இறுதிப் பருவத்தில் இத்தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுள் முதலிடம் பெற்றிருந்தது. எனினும் 1971 அளவில், நகர்ப்புற இளைஞரையே விளம்பரதாரர் நாடியமையால், இதன் தொடர்ச்சியான ‘மேபெரி ஆர்.எஃப்.டி.’ உட்பட நாட்டுப்புறத் தொடர்களைச் சி.பி.எஸ். ஒருங்கே நிறுத்திவிட்டது. சிற்றூரின் நேசம் பற்றி இத்தனை காலமும் பேசிய நிறுவனம், சந்தை மாறியதும் அச்சிற்றூரைக் கைவிட்டது. மேபெரிக்குச் சொல்லப்பட்ட காதற் பொய்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

இவற்றாற் பெறப்படுவது யாது? இந்நகைச்சுவை முற்றிலும் மயக்கமருந்து என்பாரின் கூற்று நிறைவற்றது. மாமியின் நடிப்பிலும், ஏனெஸ்ற் ரி. அணிந்த வேடத்திலும், எலியின் தேர்தலிலும் உண்மையான சமூக முரண்பாடுகள் தலைகாட்டுகின்றன. அவை தலைகாட்டாதிருப்பின் மக்கள் சிரித்திருக்கமாட்டார்கள். தம் வீட்டில் உள்ளதைக் கண்டே சிரித்தனர். வெறும் களிப்பு என்பாரின் கூற்றும் அதேயளவு நிறைவற்றது. முரண்பாட்டைத் தனிமனிதரின் பொய்யாக மாற்றி, அப்பொய்யைத் திருத்துவதன் மூலம் முரண்பாடே தீர்ந்ததாகக் காட்டுவது இந்நகைச்சுவையின் கருத்துநிலைப் பணியாகும்.

முற்போக்குத் திறனாய்வுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தொழிற்சாலையின் சுரண்டலை நாம் உடனே இனங்காண்கின்றோம். சமையலறையில் நின்றுகொண்டு ‘எனக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது’ எனப் பொய் சொல்லும் ஒரு மூதாட்டியின் நிலையை இனங்காண நாமும் தாமதிக்கின்றோம். அவரது பொய்யைக் கேட்டு அன்டி ஏமாந்தார். அவர் ஏன் அப்பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது என்று கேளாது விட்டால், ஏமாந்தோர் வரிசையில் நாமும் சேர்ந்தோராவோம்.